உன் ஷெல் சுத்தமா இருக்கா?

போன வாரம் டீம்ல புதுசா சேந்த பையன் ஒருத்தன் சேரை இழுத்துப் போட்டுக்கிட்டு பக்கத்துல வந்து உக்காந்தான். "அண்ணா, என் யூசருக்கு இசட் ஷெல் போட்டுட்டேன், ரூட்டுக்கும் அதையே போட்டுரவா, ஒரே ஒரு சிஹெச்எஸ்ஹெச் கமாண்ட் தான?"ன்னு கேட்டான். (ஷெல்னா நாம அடிக்கற கமாண்டை வாங்கி ஓட்டற புரோகிராம்; இசட் ஷெல், ஃபிஷ், பாஷ் எல்லாம் அதுல வகை. ரூட்டுன்னா லினக்ஸ் மெஷின்ல எல்லா அதிகாரமும் உள்ள யூசர். சிஹெச்எஸ்ஹெச் ஒரு யூசரோட ஷெல்லை மாத்தற கமாண்ட்.) யோசிக்கவே இல்ல, "அதெல்லாம் வேணாம்டா"ன்னு வாயில வந்துடுச்சு. அவன் விடல. "நீங்க மட்டும் ரூட்ல ஃபிஷ் வச்சிருக்கீங்க?"ன்னு என் ஸ்கிரீனைக் கை காட்டறான். பாத்தா, ஆமா, ரூட்டோட ஹேஷ் குறி நிக்குது, அதுக்குப் பின்னாடி ஃபிஷ் தான் ஓடிக்கிட்டிருக்கு. "அது வேற, இது வேற"ன்னு சொல்லி அனுப்பி வச்சுட்டேன். எது வேற, எப்படி வேறன்னு அந்தப் பையனுக்கு ரெண்டு வரில சொல்லத் தெரியலயேன்னு வீட்டுக்கு வண்டி ஓட்டிட்டுப் போற வரைக்கும் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு வரில வராத விஷயம் தான், அதனால இங்க நீளமா எழுதறேன்.

ஃபிஷ்ஷுக்கு நான் மாறி ரொம்ப வருஷம் ஆச்சு. மாறினவங்களுக்கு அந்த சுகம் தெரியும். நாலு எழுத்து அடிச்சா முன்ன எப்பவோ அடிச்ச முழு கமாண்டும் சாம்பல் கலர்ல வந்து நிக்கும், வலது பக்க அம்புக்குறியைத் தட்டினா முடிஞ்சுது. கமாண்ட் பேரைத் தப்பா அடிச்சா சிவப்பாவே இருக்கும், என்டர் தட்டறதுக்கு முன்னாடியே கண்ணுல பட்டுடும். இப்படியே பழகிட்டு சூடோ (ரூட் அதிகாரத்தோட கமாண்டை ஓட்ட விடற கருவி) எஸ்யூ அடிச்சு ரூட்டுக்குள்ள போனா அங்க மொட்டை பாஷ் உக்காந்திருக்கும், அம்புக்குறியைத் தட்டினா ஒண்ணும் வராது, மேல் அம்பைத் தட்டினா எவனோ ஆறு மாசத்துக்கு முன்னாடி அடிச்ச கமாண்ட் வரும், அது என்ன பண்ணும்னு கடவுளுக்குத் தான் வெளிச்சம். சம்பந்தி வீட்டு சமையக்கட்டுல உப்பு டப்பா தேடற நெலமை. இதுல எனக்கு ரொம்ப நாளா இருந்த கோவம் என்னன்னா, சாதாரண யூசரா சும்மா ஃபோல்டர் சுத்திப் பாக்கறப்போ எல்லா வசதியும் இருக்கு, ஒரு எழுத்து தப்பினா மொத்த மெஷினும் போயிடற இடத்துக்கு வர்றப்போ அத்தனையும் பிடுங்கிக்கறாங்க. தெருவுல நடக்கறப்போ கண்ணாடி போட்டுக்க, ஹைவேல வண்டி ஓட்டறப்போ கழட்டி வச்சுடுன்னு சொல்ற மாதிரி.

சொகுசுக்காக மட்டும் சொல்லல. 2015 ஜனவரில ஸ்டீம்ங்கற கேம் ஆப்போட லினக்ஸ் ஸ்கிரிப்ட் ஒண்ணு ஆட்களோட ஹோம் ஃபோல்டரையே அழிச்ச கதை நம்ம ஏரியால எல்லாருக்கும் தெரியும். ஒரு வேரியபிள் காலியா போச்சு, அதுக்கு அப்புறம் ஒரு ஸ்லாஷ், ஒரு ஸ்டார், முன்னாடி ஆர்எம் மைனஸ் ஆர்எஃப், அதாவது கேக்காம எல்லாத்தையும் அழிக்கற கமாண்ட். வேரியபிள் காலியானதும் பாஷ் அதைச் சத்தமில்லாம விழுங்கிட்டு "ஸ்லாஷ் ஸ்டார்"னு மிச்சத்தை மட்டும் ஆர்எம் கையில குடுத்துடும். வெறும் ஸ்லாஷ்னா (மொத்த மெஷினுக்கும் தலை ஃபோல்டர் அது) ஆர்எம் இப்பல்லாம் அடம் பிடிக்கும், ஸ்லாஷ் ஸ்டார்னா பிடிக்காது, ஏன்னா அதுக்குள்ள ஷெல் அதை விரிச்சு ஒவ்வொரு ஃபோல்டர் பேரா மாத்திக் குடுத்துடுதுல்ல. இதே வரியை ஃபிஷ்ல கோட்ஸ் இல்லாம அடிச்சா என்ன ஆகும் தெரியுமா? செட்டே பண்ணாத, இல்ல உள்ள ஒரு மதிப்பும் இல்லாத வேரியபிளை எதோட ஒட்டினாலும் மொத்தமும் காலி (காலி கோட்ஸ் போட்டு செட் பண்ணியிருந்தா மட்டும் இது நடக்காது). ஸ்லாஷும் போச்சு, ஸ்டாரும் போச்சு. ஆர்எம் கைக்கு ஒண்ணுமே போகாது. முதல் தடவை இதைச் செஞ்சு பாத்தப்போ (வெறுமனே பிரிண்ட் பண்ற எக்கோல தான், அவ்ளோ தைரியம் எனக்கு இல்ல) ரூட்ல இந்த ஷெல் இல்லாம நான் எப்படி இருந்தேன்னு தோணுச்சு. இசட் ஷெல்லும் லேசுப்பட்டது இல்ல, வெறும் ஆர்எம் ஸ்டார் அடிச்சா நிஜமாவே எல்லாத்தையும் அழிக்கவான்னு ஒரு வார்த்தை கேக்கும்.

மைனஸ் எஸ்ஸும் மைனஸ் ஐயும்

சரி, எப்படிக் கொண்டு போறது? சூடோல மைனஸ் ஐ போட்டா ரூட்டுக்குன்னு பாஸ்வேர்ட் ஃபைல்ல (எல்லா யூசரோட விவரமும் இருக்கற ஃபைல்) என்ன ஷெல் எழுதியிருக்கோ அது வரும். மைனஸ் எஸ் போட்டா கூப்பிடறவனோட ஷெல், அதாவது என் என்விரான்மென்ட்ல ஷெல்னு இருக்கற வேரியபிள் என்ன சொல்லுதோ அது. இந்த ஒரு எழுத்து வித்தியாசம் தெரியாம பல வருஷம் சூடோ எஸ்யூ மைனஸ்னு அடிச்சுக்கிட்டிருந்தவன் நான், தெரிஞ்சப்போ புதையல் கெடைச்ச மாதிரி இருந்துச்சு. சூடோ மைனஸ் எஸ் அடிச்சேன், ஃபிஷ் வந்துச்சு, ஹேஷ் வந்துச்சு, சாம்பல் கலர்ல என் பழைய கமாண்ட் எல்லாம் வந்துச்சு. அங்கயே எனக்கு சந்தேகம் வந்திருக்கணும். என் கமாண்ட் ரூட்டுக்கு எப்படித் தெரியும்?

அப்போ நான் வச்சிருந்த லினக்ஸ் உபுண்டு 18.04. சூடோவை எழுதினவங்க ரூட்டா மாறும்போது ஹோமையும் ரூட்டோட ஹோமா மாத்தற மாதிரி எப்பவோ பண்ணிட்டாங்க, ஆனா உபுண்டுக்காரங்க தனியா ஒட்டுப் போட்டு பழைய வழக்கத்தையே வச்சிருந்தாங்க, 19.10ல தான் அதை எடுத்தாங்க. அதனால என் ஃபிஷ் ரூட் வேஷம் கட்டிக்கிட்டு என் வீட்டுக்குள்ளயே உக்காந்து வேலை பாத்திருக்கு. ரெண்டு நாள் கழிச்சு என் சொந்த யூசர்ல லாகின் பண்ணா ஹிஸ்டரி வேலை செய்யல, ஃபைலைப் பாத்தா ஓனர்னு ரூட் பேரு. என் வீட்டுப் பட்டாவை நானே அடுத்தவன் பேருக்கு எழுதிக் குடுத்திருக்கேன். சௌன் போட்டு ஓனரை மாத்தினேன், நாலு நாள்ல திரும்ப அதே. கடுப்பாகி, இந்த மைனஸ் எஸ் வெளையாட்டே வேணாம், ரூட்டுக்கே ஃபிஷ்ஷைப் போட்டுருவோம், அது பாட்டுக்கு அதோட ஹோம்ல இருக்கட்டும்னு முடிவு பண்ணேன். சிஹெச்எஸ்ஹெச், ஒரே கமாண்ட் தான். முதல்ல லேப்டாப்ல போட்டேன். ஒரு மாசம் ஜம்முனு ஓடுச்சு. அந்தத் தைரியத்துல ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் ஃபைல் சர்வர்லயும் போட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சர்வர்ல கை வைக்கக் கூடாதுன்னு எல்லாரும் சொல்றது தான். நானும் தான் சொல்லியிருக்கேன்.

அந்த 40 பைட்

அது நான் முன்னாடி வேலை பாத்த சின்ன கம்பெனி. ஃபைல் சர்வர் ஒண்ணு, பேக்கப் பெட்டி ஒண்ணு. ராத்திரி 2 மணிக்கு பேக்கப் பெட்டி எழுந்து, எஸ்எஸ்ஹெச் வழியா ஃபைல் சர்வருக்குள்ள ரூட்டா நுழைஞ்சு, ஆர்சிங்க்ல மாறின ஃபைலை மட்டும் இழுத்து வச்சுக்கும். எனக்கு முன்னாடி இருந்தவர் செஞ்சு வச்ச ஏற்பாடு, ஓடுதுன்னு யாரும் தொடல. ரூட்டுக்கு ஃபிஷ் போட்ட கையோட நான் ஒரு நல்ல காரியமும் பண்ணேன். மறந்து போய் ரூட்லயே உக்காந்து வேலை பாத்துடக் கூடாதேன்னு ரூட்டோட கான்ஃபிக் டாட் ஃபிஷ் ஃபைல்ல ஒரு எக்கோ வரி எழுதினேன், சிவப்பு எழுத்துல "கவனம், ரூட்!"னு வர்ற மாதிரி. தமிழ்ல வேற. ரெண்டு மூணு தடவை லாகின் பண்ணி அழகு பாத்துட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

புதன்கிழமை காலைல அக்கவுண்ட்ஸ் அக்கா வந்தாங்க. முந்தின நாள் சாயங்காலம் ஸ்டாக் ஷீட் மேல வேற எதையோ சேவ் பண்ணிட்டாங்களாம். "தம்பி, திங்கக்கிழமை இருந்தது கெடைச்சா போதும்ப்பா, செவ்வாய்க்கிழமைது நான் போட்டுக்கறேன்"னு சொன்னாங்க. இதுக்குத் தானக்கா பேக்கப் வச்சிருக்கோம், ஒரு டீ குடிச்சுட்டு வாங்க, எடுத்து வைக்கறேன்னு பெருமையா சொல்லிட்டு பேக்கப் பெட்டிக்குள்ள போனேன். கடைசி தேதி வெள்ளிக்கிழமை ராத்திரி 2 மணி, அதாவது நான் கை வைக்கறதுக்கு முன்னாடி. அதுக்கு அப்புறம் அஞ்சு ராத்திரி ஒண்ணுமே இல்ல. குறிச்ச நேரத்துல வேலையை ஓட்டற கிரான் ஒழுங்கா மெயில் அனுப்பியிருக்கு, யாருக்குன்னா அந்தப் பெட்டியோட ரூட்டுக்கு, அந்த மெயிலை அந்தப் பெட்டி பொறந்ததுலேந்து யாரும் தொறந்ததில்ல.

தொறந்தேன். அஞ்சு மெயில்லயும் ஒரே வரி. புரோட்டோகால் வெர்ஷன் ஒத்துப் போகல, அப்புறம் ரெண்டு கோடு போட்டு ஒரு கேள்வி: உன் ஷெல் சுத்தமா இருக்கா? எவ்வளவோ எர்ரர் மெசேஜ் பாத்திருக்கேன், நேருக்கு நேரா என்னைப் பாத்து இப்படிக் கேள்வி கேட்டது அது ஒண்ணு தான். பாத்ரூம் போயிட்டு வர்ற பையனை அம்மா நிறுத்தி கை கழுவினியான்னு கேக்கற தொனி. மேனுவல்ல பாத்தா அதுக்கு ஒரு சோதனையும் சொல்லியிருக்காங்க. எஸ்எஸ்ஹெச்ல அந்த சர்வருக்குப் போய் ட்ரூங்கற கமாண்டை ஓட்டு, வர்றதை ஒரு ஃபைல்ல பிடி. ட்ரூ எதையும் பிரிண்ட் பண்ணாத கமாண்ட், அதனால ஃபைல் 0 பைட் இருக்கணும். ஓட்டினேன். 40 பைட் இருந்துச்சு.

கேட் கமாண்ட் போட்டு அந்த ஃபைலைப் பாத்தா கறுப்பு ஸ்கிரீன்ல சிவப்பா "கவனம், ரூட்!".

அந்த 40 பைட்டை நான் உக்காந்து எண்ணியே பாத்தேன், வேற வேலை ஓடல. தமிழ்ல ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், புள்ளிக்குத் தனியா 3, ரூவோட கொம்புக்குத் தனியா 3, அப்படி ஒரு 27. கமா, இடைவெளி, ஆச்சரியக்குறி 3. கடைசி வரி முறிவு 1. சிவப்பை ஆரம்பிக்க 5, நிறுத்த 4. சரியா 40. எஸ்எஸ்ஹெச்ல வெளிலேந்து ஒரு கமாண்ட் வந்தா சர்வர் அதை நேரா ஓட்டாது, அந்த யூசரோட லாகின் ஷெல்லைக் கூப்பிட்டு அது கையில தான் குடுக்கும். ரூட்டோட லாகின் ஷெல் இப்போ ஃபிஷ். ஃபிஷ்ஷுக்கு ஒரு குணம், மனுஷன் உக்காந்து அடிச்சாலும் சரி, ஸ்கிரிப்ட் வந்து கேட்டாலும் சரி, கான்ஃபிக் ஃபைலை முழுசாப் படிச்சுட்டுத் தான் அடுத்த வேலை. அந்தப் பக்கம் ஆர்சிங்க் முதல் 4 பைட்டை எதிராளியோட வெர்ஷன் நம்பர்னு நெனைச்சுப் படிக்கக் காத்திருக்கு, அதுக்குக் கெடைச்சது சிவப்பு கலரோட முதல் 4 பைட். இதுல ஒரு கொடுமையான தமாஷ், சிவப்போட கலர் நம்பர் 31, அந்த ஆர்சிங்க்கோட புரோட்டோகால் நம்பரும் 31. நம்பர் பொருந்தியும் ஜாதகம் பொருந்தல, ஏன்னா இது எழுத்தா வந்த 31, அது எதிர்பார்த்தது நம்பரா வர்ற 31.

அப்போ தான் இன்னொண்ணும் புரிஞ்சுது. பாஷ் ஆரம்பிக்கறப்போ படிக்கற, ரூட்டோட பாஷ்ஆர்சி ஃபைலைத் தொறந்தா மேல ஒரு வரி இருக்கும், ப்ராம்ப்ட் இல்லன்னா இங்கயே திரும்பிப் போயிடுன்னு. எத்தனையோ தடவை அதைத் தாண்டி ஸ்க்ரோல் பண்ணிப் போயிருக்கேன், ஏதோ சம்பிரதாயம்னு நெனைச்சேன். என்னை மாதிரி எக்கோ எழுதற ஆளுங்களுக்காக யாரோ முன்கூட்டியே போட்டு வச்ச வேலி அது. ஃபிஷ்லயும் அதையே பண்ணலாம், ஸ்டேட்டஸ் இஸ் இன்டராக்டிவ்னு ஒரு இஃப் போட்டா போதும். எனக்கு அது தேவைன்னே தெரியல.

அக்கா டீ குடிச்சுட்டு வந்தாங்க. சொன்னேன். திட்டல, அது தான் கஷ்டமா இருந்துச்சு. வெள்ளி, சனி, திங்கள், செவ்வாய் நாலு நாள் பில் கட்டையும் எடுத்து மேஜை மேல வச்சு, ரப்பர் பேண்டைக் கழட்டி கையில மாட்டிக்கிட்டு, ஒவ்வொண்ணா அடிக்க ஆரம்பிச்சாங்க. நான் பக்கத்துல உக்காந்து வாசிச்சுக் குடுத்தேன். மதிய சாப்பாட்டுக்கு எழுந்தப்போ, "ஷெல்லுன்னா என்னப்பா, பெட்ரோல் பங்க்கா?"ன்னு கேட்டாங்க.

பாயும் ஆணியும்

அந்த ஆபீஸ்ல சீனியர் அண்ணன் ஒருத்தர் இருந்தார், சோலாரிஸ்ங்கற பழைய யூனிக்ஸ் காலத்து ஆளு. சாயங்காலம் விஷயம் தெரிஞ்சு என் கிட்ட வந்து, "ரூட்டுங்கறது வாடகை வீடு தம்பி. இருந்துட்டுப் போ. சுவத்துல ஆணி அடிக்காத"ன்னார். நான் தப்பு பண்ணவன்ங்கறதால தலையாட்டிட்டேன், ஆனா உள்ள ஏத்துக்கல. வாடகை வீடுன்னா தரையில வெறும் சிமெண்ட்ல தான் படுக்கணுமாண்ணே, சொந்தப் பாய் கொண்டு போய் விரிச்சுக்கக் கூடாதான்னு கேக்கணும்னு இருந்துச்சு. கேக்கல. பல வருஷம் கழிச்சு இப்போ அந்தப் பையன் கேட்டப்போ நான் தேடின பதில் இந்தப் பாய்க்கும் ஆணிக்கும் நடுவுல தான் இருக்குன்னு நெனைக்கறேன்.

பாஸ்வேர்ட் ஃபைல்ல ரூட்டோட வரில கடைசியா எழுதியிருக்கே ஒரு ஷெல், அது எனக்காக எழுதினது இல்ல. அதைப் படிக்கறது பெரும்பாலும் மனுஷன் இல்லாத நேரத்துல வர்ற ஆளுங்க. 2 மணி பேக்கப், எஸ்எஸ்ஹெச்ல வர்ற ஸ்கிரிப்ட், பூட் ஆகாம நிக்கற மெஷின்ல ரூட்டை உள்ள விடற சூலாகின். சூலாகின் கூட பொதுவா ரூட்டோட ஷெல்லைத் தான் தேடும், கெடைக்கலன்னா 'பின்'ங்கற பேர்ல இருக்கற ஃபோல்டர்ல உள்ள எஸ்ஹெச்சுக்கு இறங்கி வரும், அதை எழுதினவருக்கே நம்ம ஆளுங்க மேல நம்பிக்கை இல்லன்னு அர்த்தம். ஃப்ரீபிஎஸ்டிங்கற யூனிக்ஸ் வகைல இதுக்குன்னே ஒரு வேடிக்கையான ஏற்பாடு உண்டு. ரூட்டைத் திருப்பிப் போட்ட மாதிரி டூர்னு இன்னொரு அக்கவுண்ட், அதுக்கும் யூசர் ஐடி 0 தான், அதே அதிகாரம். உனக்குப் பிடிச்ச ஷெல்லை டூருக்குப் போட்டுக்க, ரூட்டைத் தொடாத. ஏன்னா வெளிலேந்து போடற ஷெல் எல்லாம் அங்க யூஎஸ்ஆர் லோக்கல்ங்கற ஃபோல்டருக்குள்ள போய் உக்காரும், அந்தப் பார்ட்டிஷன் மவுன்ட் ஆகலன்னா ரூட்டாலயே உள்ள வர முடியாது, சரி பண்ண வேண்டியவனே வாசல்ல நிப்பான். அவங்க அந்த ரூட்டோட ஷெல்லை சிஷெல்லேந்து எஸ்ஹெச்சுக்கு மாத்தினதே 2023ல, 14.0 வெர்ஷன்ல தான்.

மைனஸ் எஸ் அப்படி இல்ல. அது அப்போதைக்கு விரிச்சு, எழுந்ததும் சுருட்டி எடுத்துட்டுப் போற பாய். உபுண்டுவோட அந்தப் பழைய ஹோம் கோளாறும் போயிடுச்சு, இப்போ மைனஸ் எஸ் அடிச்சா ஃபிஷ் ரூட்டோட ஹோம்ல இருக்கற கான்ஃபிக்கைத் தான் படிக்குது, அங்க நான் வச்சிருக்கறது ரெண்டு மூணு வரி. சிவப்பு வரி இன்னும் இருக்கு, இஃப்புக்குள்ள. ரூட்டோட லாகின் ஷெல் பாஷாவே இருக்கறதால 2 மணிக்கு வர்றவன் அந்தப் பக்கம் எட்டிக் கூடப் பாக்க மாட்டான்.

சீனியர் அண்ணன் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்குன்னு ஒத்துக்கணும், ஆனா அவர் சொன்ன காரணத்துக்காக இல்ல. சூடோ போட்டு ஒரு கமாண்ட் அடிச்சா யாரு, எப்போ, என்ன அடிச்சாங்கன்னு ஆத் லாக்ல வரி வரியா இருக்கும். மைனஸ் எஸ் போட்டு உள்ள போனா, இவன் ஃபிஷ்ஷை ஓட்டினான்னு ஒரே ஒரு வரி, அதுக்கு அப்புறம் நான் உள்ள என்ன கூத்தடிச்சாலும் லாக்குக்குத் தெரியாது. நாலு பேர் கை வைக்கற சர்வர்ல இது சரியில்ல. அதனால அங்கெல்லாம் நான் உள்ள போய் உக்காரறதே இல்ல, என் சொந்த ஃபிஷ்லயே இருந்துக்கிட்டு தேவைப்பட்ட கமாண்டுக்கு மட்டும் முன்னாடி சூடோ. யோசிச்சா இதுலயும் என் ஷெல் தான் இருக்கு, சாம்பல் கலர் ஹிஸ்டரி, காலி வேரியபிள் பாதுகாப்பு எல்லாம் கமாண்ட் கெளம்பறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சுடுது. ஃபைல் எடிட் பண்ண சூடோஎடிட், அதுவும் இதே குணம் தான், ஃபைலை ஒரு காப்பி எடுத்து என் எடிட்டர்ல என் செட்டிங்கோட நானாவே தொறக்க விடும், நான் மூடினதும் ரூட்டா போய் எடத்துல வைக்கும். லேப்டாப்ல, சூடோ மாதிரியே வேலை பாக்கற சிஸ்டம்டியோட ரன்ஸீரோவும் பாத்தேன், 2024ல 256வது வெர்ஷன்ல வந்தது. கமாண்ட் எதுவும் குடுக்காம அடிச்சா நம்ம ஷெல்லையே தான் ரூட்டா தொறக்குது, டெர்மினல் பேக்கிரவுண்டை வேற லேசா சிவப்பாக்கிடுது. நான் 40 பைட்ல பண்ண நெனைச்ச வேலையை யாருக்கும் இடைஞ்சல் இல்லாம பண்ணியிருக்காங்க, கொஞ்சம் பொறாமையா தான் இருந்துச்சு.

இதெல்லாம் யோசிச்சு முடிச்சு அந்தப் பையனைக் கூப்பிட்டு சொன்னேன். ரூட்டோட ஷெல்லைத் தொடாத, சூடோ மைனஸ் எஸ் போடு. அவன் லேப்டாப்ல போட்டுப் பாத்தான், இசட் ஷெல் வந்துச்சு, ஆனா மொட்டையா வந்துச்சு. "என் தீம் எங்கண்ணா?"ன்னான். அது உன் ஹோம்ல இருக்குடா, இது ரூட்டோட ஹோம்னேன். ஓகேண்ணான்னு போயிட்டான். நேத்து வேற ஏதோ பிரச்சனைன்னு அவன் லேப்டாப்பைப் பாத்தா, ரூட்டோட ஹோம்ல இசட்எஸ்ஹெச்ஆர்சின்னு (இசட் ஷெல் ஆரம்பிக்கறப்போ படிச்சு ஓட்டற ஃபைல்) ஒரு சிம்லிங்க் நிக்குது, நேரா அவன் ஹோம்ல இருக்கற ஃபைலுக்கு. அவனா எதை எழுதினாலும், அவன் பேர்ல ஓடற எந்த புரோகிராம் எதை எழுதினாலும், அடுத்த தடவை ரூட் அதை ஓட்டும். இந்தத் தடவை சேரை இழுத்துப் போட்டுக்கிட்டு நான் போய் அவன் பக்கத்துல உக்காந்தேன்.